கொடுத்து வைத்தவர்கள்

'கொடுத்து வைத்தவன்' என்று ஒரு சொல் நம் தமிழில் இருக்கிறது. போன ஜன்மத்தில் தான தர்மங்கள் செய்து புண்ணியத்தைச் சேர்த்து வைத்தவன், இந்த ஜன்மத்தில் உட்கார்ந்து அதன் வட்டியைச் சாப்பிடுகிறவன் என்பது அதன் பொருள். பாட்டன் சொத்துக்கு வாரிசானவனைப் பார்த்துச் சொல்கிறோம். மாமனார் வீட்டில் மாளிகை கிடைத்தவனைப் பார்த்துச் சொல்கிறோம். அதிலெல்லாம் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக இந்தச் சொல்லை வேறோர் இடத்தில் கொண்டு போய் ஒட்டுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கைபேசியில் ஒரு படம் வருகிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்று ஒரு பிரதேசம். அங்கே கடலைப் பார்த்த ஒரு மேட்டில் ஒரு வேன் நிற்கிறது. சாமான் ஏற்றுகிற வேன் அல்ல. உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டிய கேம்பர் வேன். சக்கரம் பூட்டிய ஓர் அறை வீடு. கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, எதிரே சித்திரப் பலகை, பலகையில் பாதி வரைந்த கடல். வண்டியின் சொந்தக்காரர் ஓர் ஓவியர். ஊர் ஊராகப் போய்ப் படம் வரைந்து விற்கிறார். போகிற ஊர்களில் சித்திர வகுப்பும் நடத்துகிறார். இப்படி வாழ்கிறவர்கள் பிரிட்டனில் உண்டு, அமெரிக்காவில் உண்டு, ஆஸ்திரேலியாவிலும் உண்டு.

படத்தைப் பார்த்தவுடன் நம் நண்பர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். "கொடுத்து வைத்த பிறவி, ஸார்! வாடகை கிடையாது, மேலதிகாரி கிடையாது. இன்றைக்குக் கடல், நாளைக்கு மலை. நாமும் இருக்கிறோமே!" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் கலையை வெறுக்கிறவர்கள் அல்லர். நாவல் படிக்கிறவர்கள்; கச்சேரிக்குப் போகிறவர்கள்; பெண்ணைச் சித்திர வகுப்பில் சேர்க்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கலையை வெறுக்கிறவனோடு எனக்கு வழக்கு இல்லை. அவன் கலைஞனுக்குப் பாக்கி வைத்தவன் அல்லன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்தப் பெருமூச்சு கலைஞனுக்குச் செய்கிற மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் கூலியைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள நாகரிக மனிதர்கள் கண்டுபிடித்திருக்கிற வழி அது. 'அவருக்குத்தான் ஆனந்தம் இருக்கிறதே, அப்புறம் பணம் எதற்கு?' என்ற எண்ணம் அந்தப் பெருமூச்சுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்த வண்டியின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சின்ன வகையில் ஒன்று என்றால் மூக்கு முதல் வால் வரை ஐந்து மீட்டர் இருக்கும். அதில் என்ஜினுக்கும் ஓட்டுகிறவர் இருக்கைக்கும் போனது போக மிச்சம்தான் வீடு. இரவில் கட்டிலாக இருந்தது பகலில் மேஜை ஆகிறது. கட்டிலுக்கு அடியில் காகிதம். காகிதத்துக்குப் பக்கத்தில் அரிசி, பருப்பு என்பதுபோல அவர்களுடைய உணவுச் சாமான்கள். நீர்வர்ணக் காகிதத்தின் முழுத்தாள் 30 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலம். அதை மடிக்காமல் வைக்க ஓர் இடம் வேண்டும். குளிர்நாட்டில் மூடிய வண்டிக்குள் ஒரு மனிதர் ராத்திரி முழுவதும் விடுகிற மூச்சு, விடியற்காலையில் கண்ணாடியில் நீராய் வழிகிறது. அந்த ஈரம் காகிதத்தைச் சும்மா விடுமா? அலையலையாய் நெளிய வைத்துவிடுகிறது. எண்ணெய் வர்ணத்தில் வரைந்தால் காய நாட்கணக்கில் ஆகும். அதுவரை டர்பன்டைன் நெடியோடுதான் தூங்க வேண்டும். அக்ரிலிக் வர்ணமோ உறைபனியில் கெட்டுப் போகும்; அதற்காகவாவது இரவில் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னும் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். தூரிகை கழுவின தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கழிப்பறைத் தொட்டியை அதற்கென்று வைத்த இடத்துக்குக் கொண்டு போய்க் காலி செய்ய வேண்டும். அதை மட்டும் யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை! டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும். கூரையில் பதித்த சூரியத் தகடு பெயருக்குத்தான் இருக்கும். வெளிச்சம் போனால் வர்ணம் போயிற்று; வர்ணம் போனால் வேலை போயிற்று. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சைக்குக் கொண்டு போய் நிறுத்த வேண்டும். பிரிட்டனில் அது சட்டம். பரீட்சையில் வண்டி தவறினால் மற்றவர்களுக்குக் கார் தவறியதோடு சரி. இவருக்கு வீடும் தவறியது, பள்ளிக்கூடமும் தவறியது. இன்ஷூரன்ஸ்காரரும் பாங்கியும் முதலில் கேட்கிற கேள்வி, "உங்கள் விலாசம்?" என்பது. அக்கா வீட்டு விலாசத்தையோ சிநேகிதி வீட்டு விலாசத்தையோ கொடுத்துக் காலம் தள்ள வேண்டும். 'வாடகை கிடையாது' என்று சொன்னீர்களே, அந்த வாடகையை இப்படியெல்லாம் சில்லறையாகக் கொடுக்கிறார்.

சரி, வகுப்புக்கு வருவோம். அந்த நாட்டுக் கிராமங்களில் ஊர்ப் பொது மண்டபம் இருக்கும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பலகை, ஜாடி, தூரிகை, துணி எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கி மேஜை போட ஒரு மணி நேரம். கற்றுக்கொடுப்பது இரண்டு மணி நேரம். துடைத்துக் கழுவித் திரும்ப ஏற்ற ஒரு மணி நேரம். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஆளுக்கு 20 பவுன். பத்துப் பேர் என்றால் 200. "அடே, இரண்டு மணி நேரத்துக்கு 200 பவுனா!" என்று வாயைப் பிளக்கிறோம். மழை பெய்கிறது; மூன்று பேர் வரவில்லை. மண்டப வாடகை மழைக்காகக் குறைவதில்லை. காகிதமும் வர்ணமும் அவர் செலவு. டீசல் அவர் செலவு. அடுத்த வகுப்பு அறுபது மைலுக்கு அப்பால், நான்கு நாள் கழித்து. அந்த நான்கு நாளும் அவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்று நினைக்கிறீர்களா? வகுப்பில் எதை வரையச் சொல்வது என்று மூன்று தரம் தானே வரைந்து பார்க்கிறார். அதற்குக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நம்மைப் போன்றவர்கள் இதையெல்லாம் இந்த நூற்றாண்டின் புது மோகம் என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டி வேண்டுமானால் புதிது. 1947-இல் பென் பான் என்ற டச்சுக்கார வியாபாரி ஒரு தாளில் பெட்டி போல ஒரு வண்டியைக் கிறுக்கிக் காட்டினார். 1950-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி அந்த வேனைத் தயாரிக்க ஆரம்பித்தது. 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுத்தது. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் படம் வரைந்து பிழைத்தவர்கள் அதற்கு வெகு காலம் முன்னாலேயே இருந்தார்கள். எதற்காகச் சுற்றினார்கள் என்பதைப் பார்த்தால் நம் பெருமூச்சின் சாயம் வெளுத்துவிடும்.

அமெரிக்காவில் ரூஃபஸ் போர்ட்டர் என்று ஒருவர், 1792-இல் பிறந்தவர். கைவண்டியில் ஓர் இருட்டுப்பெட்டிக் கருவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் முகச் சித்திரம் வரைந்தார். வீட்டுச் சுவர்களில் மரமும் மலையும் தீட்டினார். ஏறக்குறைய 1820-இல் அவர் அச்சிட்டு ஒட்டிய விளம்பரத்தில் விலைப்பட்டியல் இருக்கிறது. நிழலுருவம் வெட்டிக் கொடுக்க 20 சென்ட். வர்ணத்தில் பக்கவாட்டு முகம் 2 டாலர். நேர்முகம் 3 டாலர். தந்தத்தில் நுண்சித்திரம் 8 டாலர். என்ன அழகான பட்டியல்! 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்ற குழைவு அதில் இல்லை. பிறகு 1825-இல் தன் தொழில் ரகசியங்களை ஒரு புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார். சுவரில் இயற்கைக் காட்சி தீட்டுவது எப்படி என்று யார் வேண்டுமானாலும் படித்துக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். கலையும் போதனையும் வியாபாரமும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் குடியிருந்தன.

ரஷ்யாவுக்குப் போவோம். 1863-இல் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் பரீட்சைக்குக் கொடுத்த புராணத் தலைப்பில் வரைய மாட்டோம் என்று 14 மாணவர்கள் வெளியேறினார்கள். அந்தக் கலகத்தின் தொடர்ச்சியாக 1870-இல் ஓவியர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். படங்களை ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டுவது அதன் வேலை. சங்கத்தின் விதிகளில் மூன்று நோக்கங்கள் சொல்லியிருந்தார்கள். மாகாணத்து மக்கள் ரஷ்யக் கலையைப் பார்க்க வேண்டும். சமூகத்தில் கலையின் மேல் அன்பு வளர வேண்டும். ஓவியர்கள் தங்கள் படங்களை எளிதாக விற்க வழி வேண்டும். இந்த மூன்றாவது நோக்கத்தைத்தான் நான் உங்கள் முன்னால் தூக்கிப் பிடிக்கிறேன். மகத்தான லட்சியவாதிகள் என்று உலகம் கொண்டாடுகிற அந்தக் கூட்டம், 'படம் விற்க வேண்டும்' என்பதை வெட்கப்படாமல் விதியில் எழுதி வைத்தது. பார்க்க வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணமும் வாங்கியது.

எட்வர்ட் லியரின் கதை நம் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாட்டுகளால் இன்றும் பெயர் நிற்கிறது. ஆனால் அவர் ஆயுள் முழுவதும் ஓவியத்தால் பிழைத்தவர். 1846-இல் விக்டோரியா மகாராணிக்கே 12 பாடம் சித்திரம் சொல்லிக் கொடுத்தவர். மகாராணியின் வாத்தியாருக்கு அப்புறம் என்ன குறை என்பீர்கள்! இத்தாலி, கிரீஸ், அல்பேனியா, எகிப்து என்று அலைந்தார். 1873-இல் அறுபது வயதைத் தாண்டிய பிறகு இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். அடுத்த வருஷம் தெற்கே மகாபலிபுரம் வரைக்கும் வந்து கோயில்களையும் பனைகளையும் வரைந்தார். காக்காய் வலிப்பும் மூச்சிரைப்பும் உள்ள மனிதர் அவர். வலிப்பை வெளியே தெரியாமல் மறைத்துக்கொண்டே அலைந்தவர். இந்தப் பிரயாணத்தையும் 'கொடுத்து வைத்தவன்' கணக்கில் எழுதலாமா?

ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மையார் டெக்ஸாஸில் சித்திர ஆசிரியையாக இருந்தவர். 1929-இல் நியூ மெக்ஸிகோவில் ஒரு ஃபோர்டு கார் வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டார். முன் இருக்கையைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, பின் இருக்கையில் கான்வாஸைச் சாய்த்து வைத்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார். பாலைவனத்து வெயிலும் காற்றும் வெளியே நிற்க விடவில்லை. வண்டி அவருக்கு ஒரு கருவி; தச்சனுக்கு இழைப்புளி மாதிரி. இழைப்புளியைப் பார்த்து யாராவது பெருமூச்சு விடுவார்களா?

நமக்குப் பழக்கமான இன்னொரு முகம், சுருட்டை முடியோடு தொலைக்காட்சியில் மலையும் மரமும் வரைந்து காட்டிய பாப் ராஸ். விமானப் படையில் 20 வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். ஊர் ஊராகப் போய் வகுப்பு நடத்தினார். ஆரம்பத்தில் கூட்டம் சேரவில்லை. முடிவெட்டுகிற காசு மிச்சமாகட்டுமே என்று முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1983 முதல் 1994 வரை 403 நிகழ்ச்சிகள் நடத்தினார். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. வகுப்பும் வர்ணமும் தூரிகையும் விற்றுத்தான் காலம் நடந்தது. உலகமே ரசித்த அந்தச் சுருட்டை முடி சிக்கன நடவடிக்கை! எவ்வளவு பேருக்கு இது தெரியும்?

இனி, எதிர்க்கட்சிக்கு வருவோம்.

"அவராக விரும்பித்தானே வண்டியில் ஏறினார்?" என்பது முதல் வாதம். ஆம், சிலர் விரும்பித்தான் ஏறுகிறார்கள். கடலையும் தனிமையையும் மனதார நேசிக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரும்பிச் செய்கிற வேலைக்குக் கூலி வேண்டாம் என்று யார் சொன்னது? டாக்டர் தொழிலை நேசித்துச் செய்கிறார் என்பதற்காக நாம் அவர் பீஸைக் குறைத்துக்கொள்கிறோமா? வக்கீல் வாதாடுவதில் இன்பம் காண்கிறார் என்று அவரிடம் பேரம் பேசுகிறோமா? கலைஞனிடம் மட்டும் அவன் சந்தோஷத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம்.

"ஓர் இடத்தில் நிலைக்காதவர் என்ன வாத்தியார்? இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவரிடம் என்ன படிக்க முடியும்?" என்பது இரண்டாவது வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு மாணவன் வருஷக்கணக்கில் வளர்வதை இந்த ஆசிரியரால் பார்க்க முடியாது. ஒருவர் கை அப்போதுதான் திருந்த ஆரம்பித்திருக்கும். இவர் வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும். அது இரண்டு பேருக்கும் நஷ்டம். ஆனால் லாபம் ஒன்று உண்டு. பட்டணத்துக் கலைக்கல்லூரிக்கு ஒருபோதும் போகப் போகாத எழுபது வயதுப் பாட்டியின் கிராமத்துக்கு அந்தக் கல்லூரி தானாக வந்து இறங்குகிறது. அந்தப் பாட்டி ஆப்பிள் பழத்தை ஆயுள் முழுவதும் சிவப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தவர். "பெயரை மறந்துவிட்டுப் பழத்தைப் பாருங்கள், நிழல் விழுகிற பக்கம் என்ன நிறம்?" என்று வாத்தியார் கேட்கிறார். பார்க்கிறார், நீலம் தெரிகிறது, பச்சை தெரிகிறது. அப்புறம் சாகிறவரைக்கும் எந்தப் பழத்தையும் அவரால் வெறும் சிவப்பாகப் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் ஒரு மனுஷிக்குப் புதிதாக ஒரு ஜோடிக் கண் கொடுத்துவிட்டுப் போகிற வாத்தியாரை நிலையில்லாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பெருமூச்சு விடுகிறவர்களிடம் நானும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதே வண்டியில், அதே மேட்டில், ஓவியப் பலகை இல்லாமல் ஒரு ஜிப்ஸிக் குடும்பம் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? பரம்பரை பரம்பரையாக வண்டியிலேயே வாழ்கிறவர்கள் அவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அனுமதியில்லாமல் ஓர் இடத்தில் வண்டியில் குடியிருந்து, தொல்லை விளைவதாகச் சொல்லிப் போகச் சொன்ன பிறகும் போகாதவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வீட்டையே ஜப்தி செய்வது என்று இதற்கு அர்த்தம்! 2024-இல் அங்குள்ள உயர் நீதிமன்றமே அதன் சில பகுதிகள் ஜிப்ஸிகளின் மனித உரிமைக்கு முரணானவை என்று சொல்ல வேண்டி வந்தது. ஒருவர் வண்டியில் இருந்தால் சுதந்திரம், இன்னொருவர் இருந்தால் குற்றம் என்றால், நாம் ரசிப்பது வண்டியையும் அல்ல, சுதந்திரத்தையும் அல்ல. படத்தைத்தான் ரசிக்கிறோம், படத்துக்குள் இருக்கிற மனிதர் நமக்கு அநாவசியம்.

சீமைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் பேனாவை மூடிவைத்தால் அது யோக்கியமாகாது. கலை வாத்தியாரை மதிப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு சில தடவை உயர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்த செய்திகளைக் காலைக் காபியோடு நாமும் படித்தோம். சித்திர பீரியட்டைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதும், அந்தக் கடன் ஒருபோதும் திரும்பாததும் நாம் படித்த காலத்திலிருந்தே நடந்து வருகிற சம்பிரதாயம். அந்தச் சித்திர வாத்தியாருக்கு வேன் கிடையாது, டவுன் பஸ்தான். ஆகவே அவரைப் பார்த்து யாரும் 'கொடுத்து வைத்தவர்' என்று சொல்வதுகூட இல்லை.

கல்யாண வீட்டில் ஓர் ஓவியர் அகப்பட்டுவிட்டால், "நம்ம குழந்தையை ஒரு படம் போட்டுக் கொடுங்களேன், உங்களுக்கு இது என்ன பிரமாதம், அஞ்சு நிமிஷ வேலை" என்கிறோம். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பின்னால் முப்பது வருஷம் இருக்கிறது. சமையல்காரரிடம் 'எனக்கு மட்டும் தனியாக ஒரு பந்தி சும்மா போடுங்கள்' என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. சித்திரக்காரரிடம் கேட்க மட்டும் கூச்சமில்லை.

நான் யாரையும் தியாகம் செய்யச் சொல்லவில்லை. கலைஞனுக்குச் சிலை வைக்க வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். படம் பிடித்திருந்தால் விலையைக் கேளுங்கள். கட்டுப்படியாகுமானால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கட்டுப்படியாகாவிட்டால் மரியாதையாக நகர்ந்துவிடுங்கள். வகுப்பில் சேர்ந்தால் கட்டணத்தை முன்னால் கட்டுங்கள். மழை வந்து போகாமல் நின்றுவிட்டால் அந்தக் காசைத் திரும்பக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், "சித்திர ஆசிரியர் இருக்கிறாரா? அவருக்கு என்ன சம்பளம்? அவருடைய பீரியட் அவருக்குக் கிடைக்கிறதா?" என்று எழுந்து நின்று கேளுங்கள். ரூஃபஸ் போர்ட்டர் 200 வருஷங்களுக்கு முன்னால் விலையை அச்சிட்டு ஒட்டினாரே, அதைப் படித்து எண்ணிக் கொடுத்த அமெரிக்கக் குடியானவர்கள் நம்மைவிடப் பெரிய ரசிகர்கள் அல்லர். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவர்கள், அவ்வளவுதான்.

அந்த வேன்காரரைக் 'கொடுத்து வைத்தவர்' என்று இனிச் சொல்லத் தோன்றினால், அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் பெயரில் ஒரு தொகை பற்று வைத்திருந்தால், அப்புறம் நீங்கள் தாராளமாகப் பெருமூச்சும் விட்டுக்கொள்ளலாம். நான் குறுக்கே வரமாட்டேன்.